அப்பாவின் அம்புக்குறி

ராசா, இதை நான் உனக்குப் போனில் சொல்லியிருக்கலாம். சொல்ல வெளிக்கிட்ட ஒவ்வொரு முறையும் நீ, "அம்மா, மீட்டிங் ஒண்டு இருக்கு, பிரஷர் எவ்வளவெண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாய். நானும் அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். தனிக் கடிதமாக எழுதி அனுப்பவும் யோசித்தேன். ஆனால் நீ எழுதியது தனிக் கடிதம் இல்லையே. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், அப்பாவின் படத்தோடு, ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினாய். வெள்ளவத்தையில் தமிழ் வாசிக்கத் தெரிந்த சனம் முழுவதும் அதை வாசித்தது. வாசிக்காதவர்களுக்கு மற்றவர்கள் போனில் அனுப்பி வைத்தார்கள். கோயிலில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள்தானே அந்தக் கட்டுரை எழுதினவருடைய அம்மா?" என்று கண்கலங்கினாள். நீ எல்லோருக்கும் முன்னால் சொன்னதை நானும் எல்லோருக்கும் முன்னால்தான் திருத்த வேண்டும். அதனால் இதை அதே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கும் இருக்கிறது.

உன்னை அறியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். அப்பா துறைமுகத்தில் கிரேன்களைப் பரிசோதிக்கும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நீ வெளிநாட்டில் ஒரு சோதனைக்கூடத்தில், முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிப்பதற்காக உடம்புக்குள் வைத்துத் திருகும் உலோகத் தகடுகள் எவ்வளவு காலம் தாங்கும் என்று ஆராய்கிறவன். கிரேனும் எலும்பும் வேறு வேறு என்றாலும் இரண்டு பேரும் கட்டி அழுதது ஒன்றைத்தான். உலோகம் சோர்ந்துபோவது. கல்யாணமான புதிதில் இதை எனக்கு விளங்கப்படுத்த அப்பா குசினிக்கே வந்துவிட்டார். டின் மீனை முக்கால்வாசி வெட்டி, மூடியை மேலும் கீழும் ஆட்டுகிறோம் அல்லவா, முதல் ஆட்டில் அது முறிவதில்லை, பலமாக இழுத்தாலும் முறிவதில்லை, ஆட்டி ஆட்டி விட்டால் ஒரு கட்டத்தில் தானே கையோடு வந்துவிடுகிறது. "பாரம் கூடி முறியிறதில்லை, பழகிப் பழகி முறியிறது" என்றார். அன்றைக்குக் கறி அடிப்பிடித்தது.

நீ பிறந்தபோது நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தோம். உனக்குச் சேலையில் ஏணை கட்டுவதற்குக் கூரை வளையில் ஏற்கெனவே ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் ஆடி வளர்ந்தார்கள். அப்பா அதை நம்பவில்லை. வேலைத்தளத்திலிருந்து சிவப்புச் சாயமும் வெள்ளைப் பொடியும் கொண்டு வந்து, ஏணி போட்டு ஏறி, கொக்கியில் சாயத்தைத் தடவித் துடைத்துப் பொடியை அடித்தார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதற்குள் போன சாயம் பொடியில் சிவப்புக் கோடாக ஊறி வருமாம். வந்தது. மயிரிழை மாதிரி ஒரு கோடு. அன்றைக்கே கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்கி, அதற்கும் சாயம் பூசிப் பார்த்த பிறகுதான் உன்னை ஏணையில் விடச் சம்மதித்தார். நிலம் முழுக்கச் சிவப்பு. பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஏதோ பூசை நடந்திருக்கிறது என்று நினைத்து விழுந்து கும்பிட்டார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. ஒரு கோடு கண்டால் நிற்பாட்டிவிடுகிற மனுசன் அவர். துறைமுகத்தில் கப்பல் காத்து நின்றாலும், மேலிடத்திலிருந்து சத்தம் போட்டாலும், கோடு இருந்தால் அந்தக் கிரேன் அன்றைக்கு அசையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

படிப்பு முடிந்ததும் நீ அங்கேயே நிற்கப் போவதாகச் சொன்னபோது அப்பா, "உன்ரை இஷ்டம்" என்றார். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். நீ என்னிடம், "அப்பா எப்பிடி?" என்பாய். நான், "இருக்கிறார்" என்பேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல், "என்னவாம்?" என்பார். நான், "சுகமாம்" என்பேன். சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. சண்டை பிடித்திருந்தால் சமாதானமாவது ஆகியிருப்பீர்கள். இரண்டு பேருக்கும் கதைக்க ஆசை இருந்தது, எதைக் கதைப்பது என்று தெரியவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகுதான் காலி வீதியில், அப்பா இறங்கி முடிக்கும் முன்னே பஸ் வெளிக்கிட்டது. தொடை எலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். வார்ட்டில் சுற்றுக்கு வந்த டொக்டரிடம் அப்பா என்ன கேட்டார் தெரியுமா? அது என்ன உருக்கு, எவ்வளவு தடிப்பு, ஓட்டைகள் எந்த இடத்தில் வருகின்றன. எலும்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. டொக்டர் சிரிக்காமல் என் பக்கம் திரும்பி, எலும்பு பொருந்தும்வரைக்கும்தான் தகடு தாங்கும், இவருக்குச் சீனி வருத்தம் இருப்பதால் பொருந்த நாள் எடுக்கும், தான் சொல்லும்வரை கக்கத்தில் இரண்டு கட்டைகளோடுதான் நடக்க வேண்டும், அந்தக் காலில் பாரம் போடக் கூடாது என்று சொன்னார். நான் அதை அப்படியே உனக்குச் சொன்னேன். நீ அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாய். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நீ அவரைக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு இருந்த சந்தோசத்தில் டொக்டர் சொன்னதை இன்னொரு தரம் வற்புறுத்த மறந்துபோனேன்.

அன்றைக்குத் தொடங்கியது. நீ தகட்டின் படத்தை அனுப்பச் சொன்னாய். அப்பாவின் நிறையைக் கேட்டாய். உன் கொம்பியூட்டரில் கணக்குப் போட்டு, சமதரையில் நடந்தால் இந்தத் தகட்டுக்கு வருகிற பாரம் அது சோர்ந்துபோகிற அளவுக்குக் கீழேதான், எவ்வளவு நடந்தாலும் உடையாது, படி மட்டும் ஏறக் கூடாது, டொக்டர்மார் வீணாகப் பயப்படுகிறார்கள், பாரம் போட்டால்தான் எலும்பும் வளரும் என்றாய். அப்பா முதலில் ஒரு கட்டையை விட்டார். பிறகு மற்றதையும் விட்டுவிட்டுக் கைத்தடிக்கு வந்தார். சட்டைப் பையில் போன் கிடந்து நடக்கிற அடிகளை எண்ணும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நீ எடுப்பாய். நான் குசினியில் நின்று கேட்பேன்.

"அப்பா, இண்டைக்கு எவ்வளவு?"

"நேற்றையை விடக் கூட."

"நோ இருக்கோ?"

"உன்ரை மெஷினிலை கிடக்கிற பிளேட் நோகுதெண்டு சொல்லுமோ?"

நீ சிரிப்பாய். அவரும் சிரிப்பார். பிறகு கிரேன், கொக்கி, வெடிப்பு என்று ஒரு மணித்தியாலம் போகும். நீங்கள் சோதனைக்கூடத்தில் எப்படித் தகடுகளை இரவு பகலாக வளைத்து வளைத்துப் பார்க்கிறீர்கள் என்று நீ சொல்வாய். எல்லையாக வைத்த எண்ணிக்கை வரை உடையாமல் வந்த துண்டுக்கு வரைபடத்தில் புள்ளியோடு ஒரு சின்ன அம்புக்குறி போடுவீர்களாம், இது இன்னும் போகும் என்று அர்த்தமாம். "அப்ப எனக்கும் அம்புக்குறிதான்" என்று அப்பா சொன்னார். அந்தப் போனுக்காக அவர் பின்னேரத்தில் முகச்சவரம் செய்யத் தொடங்கினார் என்பது உனக்குத் தெரியாது. கடல் பக்க யன்னலடியில் சிக்னல் நல்லது என்று கதிரையை முன்கூட்டியே இழுத்துப் போட்டுவிட்டு இருப்பார். நீ வைத்த பிறகு என்னைப் பார்த்து, "பொடியன் நல்லா விளங்கப்படுத்துறான்" என்பார். எனக்கு உன்மேல் அப்போது இருந்த அன்பு கொஞ்சநஞ்சமில்லை.

நாடு கடனில் மூழ்கிய அந்த வருடம் எப்படிப்பட்டது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் லிஃப்ட் இல்லை. நீ கணக்குப் போட்டது சமதரைக்கு. நாங்கள் இருந்தது நான்காம் மாடியில். பேக்கரிப் பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க ஆள் வேண்டும். நான் ஒரு வரிசையில் நின்றால் அவர் மற்ற வரிசையில் நிற்பார். படியேற வேண்டாம் என்று நீ சொன்னதை நான் ஞாபகப்படுத்தினால், "ஒரு நாள்தானே" என்பார். ஒரு நாள் இல்லை. அநேகமாக ஒவ்வொரு நாளும். உன்னிடம் படிகளைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. போன் அடிகளை எண்ணும், அவை மேலே போகிற அடிகளா நேரே போகிற அடிகளா என்று நீ கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பாரோ என்னவோ. எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் பாண் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் ஏறினோம். எங்கள் மாடிக்கு வரும் கடைசிப் படிகளில் எனக்கு முன்னால் போனவரிடமிருந்து டிக் என்று ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம். அவர் அப்படியே நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறவர் மாதிரி இல்லாமல், ஏதோ ஒன்றைக் கூர்ந்து கேட்கிறவர் மாதிரி நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "என்னப்பா?" என்றேன். "தடி தட்டுப்பட்டது" என்றார். உள்ளே வந்து அன்றைக்கும் சவரம் செய்துகொண்டு கதிரையில் இருந்தார். நீ எடுத்தாய். "நேற்றையை விடக் கூட" என்றார்.

அதற்குப் பிறகு அவருடைய பாதம் வெளிப்பக்கம் திரும்பியே இருந்தது. குளியலறைக்குள் போனால் குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவார், தண்ணீர்ச் சத்தத்துக்குள் வேறு சத்தமும் கேட்கும். நான் கதவைத் தட்டினால் பாட்டுப் பாடுவார். வாழ்க்கையில் பாடாத மனுசன். கிளினிக்குக்குத் திகதி வந்தது. ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை, பஸ்ஸில் ஏற முடியாது, அடுத்த முறை போவோம் என்றார். நான் பக்கத்து வீட்டாரின் காரைக் கேட்கிறேன் என்றதற்குச் சத்தம் போட்டார். அடுத்த முறையும் அதே கதை. கிளினிக்குக்குப் போனால் எக்ஸ்ரே எடுப்பார்கள் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை. வயது போன ஆள், பிடிவாதம் கூடிவிட்டது என்று உன்னிடமே முறைப்பட்டேன். நீயும், "விடுங்கோ அம்மா, நம்பர் நல்லாத்தானே இருக்கு" என்றாய்.

பிறகு ஒரு நாள் காலையில் அதே கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். இருதயம் என்று டொக்டர் சொன்னார். தகட்டால் அவர் சாகவில்லை. அதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நீ அதையும் உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. உன் விசா புதுப்பிக்கப் போயிருந்ததால் உன்னால் வர முடியவில்லை. போனில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அழுதாய். என் தம்பி மகன் கோபி உன் இடத்தில் நின்று கொள்ளி வைத்தான்.

அடுத்த நாள் சாம்பல் அள்ளக் கனத்தை மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை என்றார்கள். நான் போனேன். என்னைத் தடுக்கிற தைரியம் அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை. ஐயரும் கோபியும் ஒரு பக்கத்தில் மந்திரமும் பாலுமாக நிற்க, அங்கே வேலை செய்கிற ஆள் தட்டிலிருந்து எதையோ பொறுக்கி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நோனா, மே யக்கட கேலி தெக்க கன்னவாத?" இந்த இரண்டு இரும்புத் துண்டுகளையும் எடுக்கப் போகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், அவருக்கு இது நாளாந்தம். நான் சேலைத் தலைப்பில் வாங்கினேன். இரண்டு துண்டு. அப்பாவின் தகடு, ஓட்டை ஒன்றுக்கு நேரே உடைந்திருந்தது.

நெருப்பில் உடைந்திருக்கும் என்று நீ இப்போது சொல்லப் போகிறாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் உன் அப்பாவோடு அத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் உடைந்த போல்ட்டுகளைப் பார்த்துப் பழகியவள். புதிதாக உடைந்த இடம் சொரசொரப்பாக இருக்கும், உடைந்த பிறகும் ஓட விட்டால் இரண்டு முகமும் உரசி உரசி மினுமினுப்பாகிவிடும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார். நான் விரலால் தடவிப் பார்த்தேன். கரி படிந்திருந்தது. கரிக்குக் கீழே வழவழவென்று இருந்தது. நெருப்பு கருக்கும், வளைக்கும், ராசா. உரசாது. அவர் உடைந்த தகட்டின்மேல் நடந்திருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. அந்த மத்தியானத்திலிருந்து கடைசிவரைக்கும் நடந்திருக்கிறார்.

நீ அன்றைக்குப் பின்னேரம் போன் எடுத்து, "அம்மா, பிளேட்டைப் பத்திரமா எடுத்து வையுங்கோ" என்றாய். எடுத்து வைத்துவிட்டேன் என்றேன். அது எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. ஊரில் உள்ள உலோகத்தையெல்லாம் கேள்வி கேட்கிறவன், அதை மட்டும் கேட்காமல் விட்டாய். உடையவில்லை என்று நீயே முடிவு செய்துவிட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. தகப்பனை எரித்த அடுத்த நாள் பிள்ளைக்குச் சொல்கிற சொல்லா அது? உன் பழைய கொம்பாஸ் பெட்டிக்குள் இரண்டு துண்டையும் வைத்து மூடி, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன். என்னோடு போகட்டும் என்று நினைத்தேன்.

உன் கட்டுரை வராமல் இருந்திருந்தால் போயிருக்கும். "எல்லை வரை உடையாமல் தாங்கிய துண்டுக்கு நாங்கள் அம்புக்குறி போடுவோம், என் அப்பா எனக்கு அந்த அம்புக்குறி" என்று எழுதியிருந்தாய். வாசித்து நானே அழுதேன், அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாய். ஆனால் அதற்குக் கீழேயும் எழுதினாய். தகடு வைத்தவர்கள் பயந்து பயந்து கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, தைரியமாகப் பாரம் போடலாம், என் அப்பாவின் கால் அதற்குச் சாட்சி என்று. வருகிற மாநாட்டில் உன்னைப் போன்ற ஆராய்ச்சிக்காரர்களுக்கு முன்னாலும் அந்த வரைபடத்தைக் காட்டப் போவதாக எழுதியிருந்தாய்.

தேவராஜ் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவோடு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அப்பாவை எப்போதும் சேர் என்றே கூப்பிடுகிறவர், ஹட்டன் பக்கத்து ஆள், கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. ஓய்வு பெற்ற பிறகு ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்ட்டில் காவலுக்கு நின்றார். அங்கே பின்னால் எடுத்த லொறி கணைக்காலில் ஏறிவிட்டது. அவருக்கும் தகடு. உன் கட்டுரை வந்து கொஞ்ச நாளில் மணி அடிக்கிறது, திறந்தால் அவர் நிற்கிறார். கையில் கட்டையோ தடியோ இல்லை. லிஃப்ட் வேலை செய்தும் படியில் ஏறி வந்திருக்கிறார், எனக்குக் காட்டுவதற்காக.

"அக்கா, தம்பி எழுதுனத எம்மக படிச்சுக் காட்டுச்சு. சேரோட பிளேட்டே கடசி வரைக்கும் ஒடயலயாம். அப்பறம் நான் எதுக்குக் கட்டையத் தூக்கிக்கிட்டு அலையணும்? அன்னிக்கே மூலையில போட்டுட்டேன். இப்ப கொச்சிக்கட கோயிலு வரைக்கும் நடந்தே போறேன்."

"நோகேல்லையோ அண்ணை?"

"வலிக்கத்தான் செய்யுது. சேருக்கு வலிக்காமயா இருந்திருக்கும்?"

அவர் சந்தோசமாகக் கதிரைக்குப் போனார். நான் அவருடைய பாதத்தைப் பார்த்தேன். வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அலுமாரியைத் திறந்து கொம்பாஸ் பெட்டியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் திறந்து வைத்தேன். அவர் துண்டுகளைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இது சேரோடதா?"

"ஓம் அண்ணை."

"அப்ப தம்பி பொய்யா எழுதியிருக்காரு?"

"அவனுக்குத் தெரியாது."

"தெரியாமத்தான் பேப்பருல எழுதுனாரா, அக்கா?"

நான் தேத்தண்ணி வைக்கக் குசினிப் பக்கம் திரும்பினேன். தேத்தண்ணி வேண்டாம் என்றார். நான் ஓட்டோ பிடித்துக் கொடுத்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இரண்டொரு நாளில் அவருடைய மகள் எடுத்தாள். ஒரு திருகாணி முறிந்து தகடு வளைந்திருக்கிறதாம், திரும்பவும் வெட்ட வேண்டுமாம். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே, இதை வாசிக்கிறவர்களில் தகடு வைத்தவர்கள் இருந்தால் தயவுசெய்து என் மகன் எழுதியதை மறந்துவிடுங்கள். உங்கள் டொக்டர் கட்டையைப் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். நோகிறது என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இனி உன்னோடு மட்டும். நீ கெட்டிக்காரன், ராசா. நீ தகட்டுக்குப் போட்ட கணக்கில் பிழை இருக்காது. ஆனால் எலும்புக்கும், சீனி வருத்தத்துக்கும், கரண்ட் இல்லாத நாட்டின் படிக்கட்டுக்கும் நீ கணக்குப் போடவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று. தன் மகன் தன்னோடு கதைக்கிறான் என்பதற்காக ஒரு மனுசன் என்னவெல்லாம் தாங்குவான் என்று உனக்குத் தெரியவில்லை. கொக்கியில் ஒரு கோடு கண்டதற்கு உன்னை ஏணையில் போட விடாதவர், தன் தொடைக்குள் முறிந்ததைக் கேட்டும் நிற்பாட்டவில்லை. ஏன்? உடைந்துவிட்டது என்று சொன்னால் சோதனை முடிந்தது. சோதனை முடிந்தால் பின்னேரத்தில் நீ ஏன் எடுக்கப் போகிறாய்? அவர் பயந்தது கால் போய்விடும் என்று இல்லை, போன் நின்றுவிடும் என்று. இதை எழுதும்போது எனக்கு உங்கள் இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. அவருக்குச் சொல்ல ஏலாது. உனக்குச் சொல்கிறேன்.

நீ இப்போது என்னிடம் கேட்பதும் எண்தான். பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு. நானும் நல்ல எண்ணாகப் பார்த்துத்தான் சொல்லி வருகிறேன். போன கிழமை சொன்னது உண்மையான எண் இல்லை. கூடச் சொன்னால் நீ பதறி டொக்டரைப் பார் என்பாய், குறைத்துச் சொன்னால் சந்தோசமாக வேறு ஏதாவது கதைப்பாய். இந்த வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் போலிருக்கிறது. இனி எண் கேட்காதே. இன்றைக்கு என்ன சாப்பிட்டேன், எந்தப் படியில் மூச்சு வாங்கியது, யாரோடு சண்டை பிடித்தேன் என்று கேள். பதில் சொல்ல எனக்கு நேரம் எடுக்கும். நீ மீட்டிங்கைத் தள்ளி வைக்க வேண்டி வரும்.

மாநாட்டுக்குப் போ. போகாமல் ஒளிந்துகொள்ளாதே, வேலையை விடுகிறேன் என்றும் தொடங்காதே. அங்கே போய், இது உடைந்தது, எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் சரியாகக் கேட்கவில்லை என்று சொல். வரைபடத்தில் அப்பாவின் அம்புக்குறியை எடுத்துவிடு. தாங்காமல் போனவற்றுக்கு நீங்கள் வைக்கிற வெறும் புள்ளி ஒன்றை அந்த இடத்தில் வை. அப்பாவுக்கு அது அவமானம் இல்லை. கோடு இருந்தால் கோடு இருக்கிறது என்று எழுதியே வாழ்ந்தவர் அவர், கடைசி ஒன்றைத் தவிர.

கொம்பாஸ் பெட்டியை இன்றைக்குப் பார்சலில் போட்டுவிட்டேன். உன் பெயரை நீ ஆணியால் கீறி வைத்த அதே பெட்டி. அது வரும்போது தனியாக இருந்து திறக்காதே, பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள். நீ முதலில் செய்யப் போவது எனக்குத் தெரியும், இரண்டு துண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்ப்பாய். நானும் பார்த்தேன். பொருந்தாது. நடுவில் கொஞ்சம் இல்லை. நெருப்பு அதைத் தின்னவில்லை, ராசா. ஒவ்வொரு நாளும் பின்னேரம் உனக்குச் சொல்ல ஒரு எண் வேண்டும் என்று, அவர் அதை நடந்தே தேய்த்துவிட்டார்.